எள் இல்லாத குலூரி

உட்காரும்மா. போனில் தமிழ் பேசிக்கொண்டு போனாயே, அதனால்தான் கூப்பிட்டேன். தப்பாக நினைக்காதே. கோயம்புத்தூர்ப் பக்கமா? பேச்சிலேயே தெரிகிறது. நான் தூத்துக்குடி. பெயர் சிரில் மச்சாடோ. இந்தக் கிரேக்க ஊரில் தமிழ் காதில் விழுந்து ரொம்ப நாளாகிவிட்டது.

பார்க்கத் தகுந்த பழைய பேக்கரிகள் எவை என்றா கேட்டாய்? சரியான ஆளைத்தான் கேட்டாய். இந்தத் தெசலோனிக்கியில் அடுப்பு எரிகிற கடை ஒன்றைக்கூட நான் விடவில்லை. ஆனால் ரொட்டி தின்ன வரவில்லை, மகளே. என் மகனைத் தேடி வந்தேன். மெல்கியோர் என்று பெயர். வீட்டில் மெல்கி. இன்றைக்குச் சாயங்காலம் எனக்கு விமானம். விசாவும் அதோடு முடிகிறது. அவன் கிடைக்கவில்லை.

நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். கீழே சந்தைப் பக்கம் போனால் புகாத்ஸா போடுகிற கடை ஒன்று இருக்கிறது. மாவைத் தலைக்கு மேலே வீசி வீசி விரிப்பார்கள். நம்மூர்ப் புரோட்டா மாஸ்டர் பார்த்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். அந்தப் பக்கம் இருக்கிறவன் முகம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக வந்ததும் பாலாடைப் பாகை உள்ளே வைத்து மடித்துச் சுட்டு, துண்டு போட்டு, மேலே பட்டைத்தூள் தூவித் தருவார்கள். அவசியம் சாப்பிடு. அங்கேதான் முதலில் போனேன். என் கையில் இரண்டு படங்கள். ஒன்று என் தங்கை மகள் ஜெனிட்டாவின் போனில் வந்தது. மெல்கியின் முதுகும், மாவு ஒட்டிய ஒரு கையும், செங்கல் அடுப்பின் வாயும் தெரிகிறது. இன்னொன்று சின்னப் பையனாக இருந்தபோது கோயிலில் அவன் புதுநன்மை வாங்கிய அன்று எடுத்தது. முகம் தெரிகிற படம் அது ஒன்றுதான் மிச்சம். மற்றதையெல்லாம் அவன் வீட்டை விட்டுப் போன அன்று கோபத்தில் கிழித்துவிட்டேன்.

புகாத்ஸாக்காரன் இரண்டையும் வாங்கிப் பார்த்தான். கப்பலில் இருந்த ஆள், இங்கிலீஷ் வரும். துறைமுகத்தில் பழகிய இங்கிலீஷ் எனக்கும் கொஞ்சம் உண்டு. "பாப்பு, இந்தப் பையனைத் தேடுறீங்களா, இவன் அப்பாவைத் தேடுறீங்களா?" என்றான். கடையே சிரித்தது. "நான்தான் அப்பா" என்றேன். "அப்படின்னா பாதி வேலை முடிஞ்சது" என்றான். பாப்பு என்றால் தாத்தா. கிழவனைக் கண்டால் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கேலி செய்தாலும் காசு வாங்கவில்லை.

அப்புறம் கடற்கரைப் பக்கம் சுரேக்கி போடுகிற கடை. ஜடை பின்னிய மாதிரி இனிப்பு ரொட்டி. ஒரு காட்டுச் செர்ரிக் கொட்டையை உடைத்துப் பொடித்துப் போடுகிறார்கள். தெரு முனையிலேயே மணம் வந்துவிடும். கடைக்கார அம்மாள் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டுவிட்டாள். கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவதாகச் சொன்னாள். அவளுக்கும் மெல்கியைத் தெரியாது.

அதைத் தவிர, காலையில் தெருவெல்லாம் குலூரி விற்கிறார்களே, எள் அப்பிய வளைய ரொட்டி, அதற்கென்றே நாலைந்து கடைகள் உண்டு. அங்கெல்லாம் நின்றேன். எல்லோரும் உதட்டைப் பிதுக்கித் தலையை மேலே தூக்கினார்கள். இந்த ஊரில் "இல்லை" என்பதற்கு அப்படித்தான். ஆமாம் போடுகிறார்கள் என்று முதல் நாளெல்லாம் ஏமாந்து போனேன்.

கடைசியில்தான் இந்த மேட்டுத் தெருவுக்கு ஏறி வந்தேன். எதிரே இருக்கிறதே, இதுதான் ப்ரோத்ரமோஸ் கடை. நீ ஒரே ஒரு கடைதான் பார்ப்பாய் என்றால் இதைப் பார். விறகு அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் அக்கம்பக்கத்து வீட்டார் இறைச்சியும் உருளைக்கிழங்கும் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். ரொட்டி எடுத்தபிறகு இருக்கிற சூட்டில் அது வெந்துகொண்டிருக்கும். பூசை முடிந்து வந்து வாங்கிக்கொள்வார்கள். அதோ, ஒருத்தி துணி போர்த்தித் தூக்கிக்கொண்டு போகிறாளே, அந்தத் தட்டுதான் அது.

ரொட்டியைப் பற்றி என்னிடம் யாரும் கதை விட முடியாதும்மா. படிப்பு ஐந்தோடு நின்றுவிட்டது. அதற்குமேல் படித்ததெல்லாம் ரொட்டி சுற்ற வாங்கின பழைய பேப்பரில்தான். ஆனால் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்த கப்பலுக்கெல்லாம் ரொட்டி போட்டவன் நான். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், இந்தக் கடை ரொட்டி மாதிரி நான் சாப்பிட்டதில்லை. புளிக்க வைத்த மாவு. முதல் கடியிலேயே கடைக்காரர் ப்ரோத்ரமோஸிடம் சொன்னேன், "உங்க மாஸ்டருக்குக் கைச்சூடு இருக்கணும். இந்தக் குளிர்ல மாவு இப்படி எழும்பணும்னா சூடான கை வேணும். நான் பார்க்கலாமா?" அவர் பின்கட்டுத் திரையைத் திரும்பிப் பார்த்தார். "அவருக்கு வெட்கம்" என்றார். சரி, அடுப்பையாவது காட்டுங்கள், படத்தில் இருக்கிற அடுப்பா என்று பார்க்கிறேன் என்றேன். அதற்கும் முடியாது என்றுவிட்டார். நான் வருத்தப்படவில்லை. என் அடுப்பங்கரைக்குள் நானும் யாரையும் விட்டதில்லை.

"அப்ப அவர்ட்ட சொல்லுங்க" என்றேன், "தூத்துக்குடிக்காரன் ஒருத்தன் சொன்னான்னு சொல்லுங்க. இப்படி ஒரு கையை நான் பார்த்ததே இல்லை." உரக்கத்தான் சொன்னேன். எனக்குக் காது மந்தம், அதனால் குரல் உயர்ந்துவிடும். உள்ளே ஏதோ தட்டு கீழே விழுந்தது. ப்ரோத்ரமோஸ் மகள் மரியாந்தி கல்லாவில் நின்றாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் எப்போதுமே அப்படித்தான். என்னைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஏனென்று தெரியவில்லை.

அன்றிலிருந்து தினமும் வருகிறேன். வேறெங்கே தேடுவது என்று தெரியாமல் போனபோது இந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவேன். தினமும் அதையே சொல்வேன். மாஸ்டருக்குச் சொல்லுங்கள், இன்றைக்கும் பிரமாதம் என்பேன். நல்ல வேலைக்காரனைப் புகழ்வதற்கு நான் தயங்கியதே இல்லை.

என் மகனுக்கு அந்தக் கை வாய்க்கவில்லை. அதுதான் என் துக்கம். அவனுக்கும் கைச்சூடுதான். ஆனால் நம்மூர் வெயிலில் பஃப்ஸுக்கு மாவு மடிக்கிறவனுக்குக் கைச்சூடு இருந்தால் உருப்படுமா? வனஸ்பதி உருகி வழியும். எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கடைசியில் ஒரு ஈஸ்டர் சமயம், கடை நிறைய ஆள். அவன் மடித்த தட்டு அப்படியே எண்ணெய் கக்கிக்கொண்டு வந்தது. எடுத்துச் சாக்கடையில் கொட்டினேன். "ஏல, உன் கைக்கு மாவு அடங்காது. நீ போய் வல இழு" என்றேன். அவ்வளவுதான். ஒரு தகப்பன் இதைக்கூடச் சொல்லக்கூடாதா? அன்றைக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். கப்பலில் சமையல் உதவிக்குச் சேர்ந்தான். போன் பண்ணினால் எடுக்கக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அவனாக வந்து வாசலில் நிற்கட்டும் என்று இருந்தேன். நிற்கவில்லை.

என் வீட்டுக்காரி தெக்லம்மாள் ரொம்பப் பொறுமைசாலி. என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். சாயங்காலமானால் ஜெனிட்டா வீட்டுக்குப் போய்விடுவாள், செபமாலை சொல்லப் போகிறேன் என்பாள். வரும்போது முகம் தெளிவாக இருக்கும். பிறகு வயிற்றில் கட்டி வந்து படுத்தாள். படுத்த நிலையில் என்ன செய்தாள் தெரியுமா? சின்னப் பிள்ளைச் சட்டை ஒன்று தைத்தாள். மஞ்சள் துணி. வீட்டில் பிள்ளை ஏது? "யாருக்குடி இது?" என்று கேட்டேன். "யாருக்காவது ஆகும்" என்றாள். மருந்தின் மயக்கம் என்று விட்டுவிட்டேன். அவளைப் பெட்டியில் வைத்தபோது அந்தச் சட்டையையும் மடித்து அவள் கைக்குக் கீழே வைத்தேன். ஆசையாகத் தைத்ததல்லவா.

சாகிற அன்று என்னிடம் கேட்டாள், "மெல்கிட்ட சொல்லிட்டீங்களா?" "சொல்லிட்டேன், வந்துட்டு இருக்கான்" என்றேன். நிம்மதியாகப் போகட்டும் என்றுதான். வாசலைப் பார்த்தபடியே இருந்தாள்.

சொல்லவில்லையா என்கிறாயா? எப்படிம்மா சொல்வது? எங்கள் பக்கம் கேதம் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. சாவுச் செய்தியைப் போனில் சொல்ல மாட்டோம். ஆள் போக வேண்டும். வாசலில் நின்று சொல்ல வேண்டும். உள்ளே போகக் கூடாது, உட்காரக் கூடாது, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. அப்படிச் சொன்னால்தான் சொன்னதாக அர்த்தம். என் அண்ணனும் நானும் பேசிப் பல வருஷம். இருந்தாலும் அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேதம் சொன்னேன். வந்தான், நின்றான், மண் போட்டான். விறகுக்காரனுக்குக்கூட ஆள் அனுப்பினேன். மெல்கி கடலில் இருக்கிறான் என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தேன், அவனுக்கு எந்த வாசலில் நின்று சொல்வது? ஜெனிட்டா போன் பண்ணுகிறேன் என்றாள். "கூடாது, முறையில்லாத காரியம்" என்று போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். பெற்ற பிள்ளைக்குத் தானாகத் தெரிய வேண்டாமா? ஒரு உறுத்தல் இருக்காதா? அவன் வரவில்லை. அம்மா சாவுக்கு வராத பிள்ளை. ஊரில் எவன் கேட்டாலும் இதைத்தான் சொன்னேன்.

எல்லாம் முடிந்தபிறகு அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. ஜெனிட்டாவோடும் பேச்சை நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகுதான் அவள் அந்த அடுப்புப் படத்தைக் காட்டி, இந்த ஊர் பெயரை மட்டும் சொன்னாள். தனியாக எவ்வளவு நாள் இருப்பது? வீட்டில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைக்கிறேன். கடையை மூடிவிட்டேன். அவனை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பார்க்காமல் நான் அந்த வீட்டுக்குள் திரும்பிப் போக மாட்டேன், போகவும் முடியாது. ஆனால் சாயங்காலம் போகத்தான் வேண்டும்.

ப்ரோத்ரமோஸ் ஒரு நாள் காப்பி கொண்டுவந்து கொடுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் கப்பலில் சமைத்தவர்தான். உங்கள் மனைவி பெயர் என்ன என்றார். தெக்லா என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். "அம்மா சாவுக்குப் பையன் ஏன் வரலை?" என்றார். நான் உள்ளதைச் சொன்னேன். சொல்லியனுப்பவில்லை, ஆனாலும் வந்திருக்க வேண்டும் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சொல்லலையா? இன்னைக்கு வரைக்குமா?" என்றார். ஆமாம் என்றேன். காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

அதற்கு மறுநாளிலிருந்து எனக்கு எள் போட்ட குலூரியைக் கொடுத்தார்கள். உனக்கு இது புரியாது, இரு. எனக்குப் பல்செட். எள் உள்ளே போய் மாட்டிக்கொண்டால் உயிர் போகும். தூத்துக்குடியில் எள்ளுருண்டையைக்கூடத் தொடமாட்டேன். இந்தக் கடையில் மட்டும் முதல் நாளிலிருந்தே எனக்கென்று எள் இல்லாத வளையம் ஒன்று தனியாகச் சுட்டுப் பையில் போட்டுத் தந்தார்கள். நான் கேட்கவில்லை. பல்செட் என்று சொல்லவும் இல்லை. ப்ரோத்ரமோஸே ஒரு தடவை சொன்னார், எள் இல்லாவிட்டால் அது குலூரியே இல்லை, இந்த ஊரில் எவனும் வாங்கமாட்டான் என்று. வாயைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள். அவ்வளவு நல்ல மனிதர்கள். அப்படி இருந்தவர்கள் திடீரென்று எள் போட்டதைக் கொடுத்தார்கள். மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எள்ளை நகத்தால் சுரண்டிவிட்டுத் தின்றேன்.

பிறகு ஒரு மழை. போக்கிடம் இல்லாமல் இந்த பெஞ்சிலேயே நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க மனமில்லை. செத்தால் இங்கேயே சாகிறேன் என்று தோன்றியது. மரியாந்தி குடையோடு வந்தாள். என்னைக் கண்டால் ஆகாதவள், என் தலைக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் ஒரு பை. சூடாக இருந்தது. பிரித்தால் எள் இல்லாத குலூரி. அதிலிருந்து மறுபடியும் தினமும் அதுதான். இதோ பார், இன்றைக்கும் வழிக்குத் தின்ன ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

அதோ, வருகிறாள் பார் என் சிநேகிதி! மரியாந்தியின் மகள். வா, வா. பிட்டுத் தருகிறேன் வாங்கிக்கொள். பாப்பு என்று சொல்கிறாள் கேட்டாயா? கண்ணைப் பார், எவ்வளவு கறுப்பு. இந்தப் பிள்ளை இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். இவள் பெயர் என்ன தெரியுமா? தெக்லா! நம்ப முடிகிறதா? முதல் தடவை உள்ளேயிருந்து "தெக்லா" என்று கூப்பிட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். இங்கேயும் புனித தெக்லாவை ரொம்பக் கும்பிடுவார்களாம். ப்ரோத்ரமோஸுக்கு அன்று என்ன தோன்றியதோ, பெயர் வைக்கிற கதையெல்லாம் நிதானமாகச் சொன்னார். "எங்க வீட்டு வழக்கம் என்னன்னா, முதல் பையனுக்கு அப்பாவோட அப்பா பேர், முதல் பொண்ணுக்கு அப்பாவோட அம்மா பேர். உயிரோட இருக்கும்போதே வைப்போம். மாத்தினா சண்டைதான்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நல்ல வழக்கம் என்றேன். "புரிஞ்சுதா?" என்றார். புரிந்தது, நல்ல வழக்கம் என்று மறுபடியும் சொன்னேன். சும்மா இப்படி எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார், பேச்சுத்துணை.

என்னம்மா? ஏன் அப்படிப் பார்க்கிறாய்?

இவள் அப்பாவா? நான் பார்த்ததில்லையே. பின்கட்டில் வேலை செய்கிறவராக இருக்கும். மாஸ்டர்தான் மாப்பிள்ளை என்று யாரோ சொன்ன ஞாபகம்.

இல்லை.

இல்லைம்மா, உனக்குத் தெரியாது. அவனுக்கு மாவு அடங்காது. நானே எத்தனை தடவை... அவன் கை சூடு. வெறும் சூடு. அந்தக் கையால் இந்த ரொட்டியை...

இரு. இரு. கொஞ்சம் பேசாமல் இரு.

நான் இவ்வளவு நேரம் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? இந்த வாயால் தினமும் அந்தத் திரையைப் பார்த்து என்ன கத்தினேன்? அவன் அங்கே நின்று கேட்டுக்கொண்டா இருந்தான்?

தெக்லா. இங்கே வா. முகத்தைக் காட்டு. பயப்படாதே, பாப்பு அழவில்லை. என் வீட்டுக்காரிக்குத் தெரிந்திருக்கிறது, மகளே. செபமாலை சொல்லவா போனாள் அவள்? மஞ்சள் சட்டை... இவள் தோளுக்குச் சரியாக இருந்திருக்கும். அதைக் கொண்டுபோய் மண்ணுக்குள் வைத்தேனே. யாருக்காவது ஆகும் என்றாளே. வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாளே.

நீ போய்க் கூப்பிடுகிறாயா? வேண்டாம். வரமாட்டான். வரக்கூடாது. எதற்காக வருவான்? அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன், விறகுக்காரனுக்குச் சொல்லிவிட்டேன். அவனுக்கு யார் சொன்னார்கள்? இந்தக் கிரேக்கக் கிழவர்கூடக் கேட்டார், இன்னைக்கு வரைக்குமா என்று.

கொஞ்சம் கைகொடும்மா, எழுந்திருக்கிறேன். விமானமா? அது அதன் நேரத்துக்குப் போகட்டும். இந்தப் பையை நீ பிடித்துக்கொள். கேதம் சொல்லப் போகிறவன் கையில் தின்பண்டம் இருக்கக் கூடாது. பிள்ளையையும் பிடித்துக்கொள், வண்டி வருகிற தெரு. நீ வர வேண்டாம். இங்கேயிருந்தே கேட்கும். எனக்குத்தான் குரல் பெரிசாயிற்றே.

தள்ளிக்கோம்மா மரியாந்தி. இல்லை, உள்ளே வரவில்லை. உட்காரவும் இல்லை. தண்ணீர் வேண்டாம்.

ஏல மெல்கி. அப்பா வந்திருக்கேன். வாசல்லதான் நிக்கேன். கேதம் சொல்ல வந்திருக்கேன்ல. உங்கம்மா தவறிட்டா, மக்கா.